ராயபுரத்திலிருந்து ஒரு ரயிலாவது புறப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கோடை விடுமுறையில் மகள் குடும்பத்தோடு டெல்லிக்குப் போயிருந்தேன். புது டெல்லி நிலையத்தில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் முன்பக்கமாக நடந்து வந்தபோது, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "ஆயா, நம்ம ஊர் பேரு!" என்றான். எங்கள் வண்டியை இழுத்து வந்த இன்ஜினின் பக்கவாட்டில் ராயபுரம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து நம் ஊர்ப் பெயரைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதல்லவா, இரண்டு பேரும் அந்த இன்ஜின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது அவன் கேட்டான்: "அப்போ நாம ஏன் ஆயா ராயபுரத்துல ஏறல? சென்ட்ரலுக்கு ஏன் போனோம்?"

வடசென்னையில் இருக்கும் எங்கள் ராயபுரத்தில் மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட் இருக்கிறது. எந்த ஷெட்டைச் சேர்ந்த இன்ஜினோ அந்த ஷெட்டின் பெயரை அதன் மேல் எழுதுவது ரயில்வே வழக்கம். அப்படித்தான் எங்கள் ஊர்ப் பெயர் நாட்டின் பல மூலைகளுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ராயபுரம் நிலையத்திலிருந்து வெளியூருக்கு ஒரு வண்டியும் புறப்படுவதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் நிலைமை. இதைப் பேரனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். ஊர் திரும்பியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ராயபுரத்திலேயே பிறந்து, வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா துறைமுகத்தில் சரக்குகளை எண்ணிக் கணக்கு வைக்கும் டாலி கிளார்க். 1986 முதல் 2018 வரை திருவள்ளூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். 32 வருடம் ராயபுரம் நிலையத்தில் ஏறி இறங்கியவள். எத்தனை சீசன் டிக்கெட் வாங்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

பாடப் புத்தகத்தில் இந்தியாவின் முதல் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது என்று இருக்கும். பரீட்சையிலும் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் பள்ளியிலிருந்து பார்த்தால் வயலைத் தாண்டித் தண்டவாளம் தெரியும். நான் கரும்பலகையில் பம்பாய், தாணா என்று எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வண்டி ஊதிக்கொண்டு போகும். அந்தத் தண்டவாளம்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு அப்புறம் நானே ஒரு வகுப்பை அதற்கென்று ஒதுக்கினேன். ஜன்னலைக் காட்டிச் சொல்வேன்: 1856-ஆம் வருடம் ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார், ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு ரயில் ஓடியது, ராயபுரத்தில் கிளம்பி இதோ இந்த வழியாக வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர். அன்றைக்கு வாலாஜா ரோடு நிலையத்துக்கு ஆற்காடு என்று பெயர். திறப்பு நாளன்று இன்னொரு வண்டி திருவள்ளூர் வரை வந்து போனது என்று சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். "நம்ம திருவள்ளூரா மிஸ்?" என்று கேட்பார்கள். அந்தப் பெட்டிகளைச் செய்தது சென்னையிலேயே இருந்த சிம்ப்சன் கம்பெனி என்று சொன்னால் இன்னும் வாய் பிளப்பார்கள்.

இந்தியாவில் பயணிகள் ரயில் வந்த வரிசையில் பம்பாய், கல்கத்தாவுக்கு அடுத்தது சென்னை. ஆனால் பம்பாயில் முதல் ரயில் கிளம்பிய போரிபந்தர் நிலையத்தின் பழைய கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பின்னால் வந்ததுதான் எல்லோரும் படத்தில் பார்க்கிற அந்தப் பெரிய விக்டோரியா டெர்மினஸ். அந்தக் காலத்து நிலையக் கட்டடங்களில் இன்றும் நின்றுகொண்டிருப்பதில் நாட்டிலேயே பழையது ராயபுரம் என்று சொல்கிறார்கள். செங்கல் நிறச் சுவர், உயரமான வெள்ளைத் தூண்கள். சின்ன வயதில் அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டிக்கொண்டு போவார். ஒரு தூணை நான் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகக் கட்டிப்பிடித்து எங்கள் விரல்கள் தொடுகிறதா என்று பார்ப்போம். சுண்ணாம்பு கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். அம்மா வீட்டு வாசலிலேயே நிறுத்தி முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். "இந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் கவர்னர் துரை வண்டி ஏறினாரு" என்று அப்பா சொல்வார். எந்தத் தூண் என்று அவருக்கும் தெரியாது. போகும்போதெல்லாம் வேறொரு தூணைக் காட்டுவார்.

இவ்வளவு பேர் வாங்கிய நிலையம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. படிப்படியாக நடந்தது. கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் வியாபாரிகள் இருந்த கருப்பர் நகரத்துக்கும் (இப்போதைய ஜார்ஜ் டவுன்) பக்கம் என்பதால் ராயபுரத்தில் ஆரம்பித்தார்கள். ஊர் தெற்கேயும் மேற்கேயும் வளர்ந்தது. 1873-ல் சென்ட்ரல் வந்தது. 1908-ல் எழும்பூர் வந்தது. அதற்கு முந்தைய வருடமே மெட்ராஸ் ரயில்வேயின் முக்கிய நிலையம் என்ற இடம் சென்ட்ரலுக்குப் போய்விட்டது. கடற்கரைப் பக்கம் பாதையை நீட்டியதும் ராயபுரம் கடைசி நிலையம் என்ற தகுதியையும் இழந்தது. அலுவலகம் மட்டும் கொஞ்ச காலம் இங்கேயே இருந்தது. மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் 1922 வரை ராயபுரம்தான். அந்த வருடம் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இப்போது தெற்கு ரயில்வே தலைமையகம் இருக்கிற கட்டடத்தைக் கட்டி அங்கே போய்விட்டார்கள். அதோடு ராயபுரம் பாதி சரக்கு யார்டு, பாதி லோக்கல் ஸ்டேஷன் என்று ஆனது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தலைமுறைக்கு அது தெரியாது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் பக்கம் ஓடியது மீட்டர் கேஜ், அதாவது அகலம் குறைந்த தண்டவாளம். ராயபுரம் வழியாக வடக்கே, மேற்கே போவது அகலப்பாதை. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒரு வண்டி அந்தத் தண்டவாளத்திலிருந்து இந்தத் தண்டவாளத்துக்கு வர முடியாது. திருவள்ளூரிலிருந்து மாம்பலம் போக வேண்டுமென்றால் கடற்கரையில் இறங்கி, அந்தப் பக்கம் ஓடி, சின்ன வண்டியில் ஏற வேண்டும். நகரத்தின் தென்பாதியும் வடபாதியும் இப்படித் தனித்தனியாகத்தான் ரொம்ப காலம் கிடந்தன. 2004-ல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது. இப்போது எல்லாம் ஒரே அகலம். எழும்பூர் பக்கமிருந்து வடக்கே போகிற சில விரைவு வண்டிகள் ராயபுரத்தின் வழியாகத்தான் போகின்றன. பிளாட்பாரம் அதிர, தூசி பறக்கப் போகின்றன. நிற்பதில்லை.

நான் வேலைக்குப் போன முதல் பத்து, பதினைந்து வருடம் காலை நேரத்தில் இந்த நிலையத்தில் கூட்டம் இருந்தது என்று இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். காசிமேட்டிலிருந்து மீன்காரப் பெண்கள் அலுமினியக் கூடையோடு வருவார்கள். கூடையின் அடியில் பனிக்கட்டி கரைந்து பிளாட்பாரம் முழுக்க ஈரக்கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தே யார் வந்துவிட்டார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கூடை, மூட்டையோடு வியாபாரிகள் ஏறும் வெண்டர் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அவர்களுக்கு அடி பிசகாமல் தெரியும். அதற்கு அடுத்த இடத்தில் லேடீஸ் பெட்டிக்காக நாங்கள் நிற்போம். ஆவடி டாங்க் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், என்னைப் போல் மூன்று ஆசிரியைகள், ஒரு நர்ஸ் என்று ஒரு கூட்டமே இருந்தது. ஒரு மீன்கார அம்மா தினமும் என்னைப் பார்த்ததும் "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் லேட்டா?" என்பார். நான் சரியான நேரத்துக்கு வந்தாலும் அதையே சொல்வார். எனக்கு முதல் பிரசவம் ஆகிப் பள்ளிக்குத் திரும்பிய நாளில், கூடையிலிருந்து நாலு பால்சுறாவை வாழை இலையில் சுற்றிக் கையில் திணித்துவிட்டு, "புள்ளைக்குப் பால் ஊறும், புட்டு பண்ணித் துன்னு" என்று சொல்லி வெண்டர் பெட்டியில் ஏறிவிட்டார். அன்றைக்கு முழுக்க ஸ்டாஃப் ரூமில் மீன் வாசனை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அந்தக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயில்கள் சென்ட்ரலை ஒட்டியிருக்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் நிலையத்திலிருந்துதான் நிறையக் கிளம்புகின்றன. கடற்கரையிலிருந்து ராயபுரம் வழியாக வருவது குறைவு. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? பேருந்து பிடித்து சென்ட்ரல் போய்விடலாம் என்று ஒவ்வொருவராக மாறினார்கள். நர்ஸ் மாறினார். ஆசிரியைகளில் இரண்டு பேர் மாறினார்கள். ஆள் குறைந்தது என்று வண்டியைக் கூட்டமாட்டார்கள், வண்டி குறைவு என்று ஆள் வரமாட்டார்கள். 2021-ல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. வடசென்னைக்கு அது பெரிய வரப்பிரசாதம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியூர் போகிறவனுக்கு அது சென்ட்ரல் வாசலில் கொண்டுபோய் விடுவதோடு சரி.

2005-ல் பழைய கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். அதற்கு அடுத்த வருடம் 150-ஆம் ஆண்டு. புதுப்பித்த கட்டடத்தைப் பார்க்க என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்து வந்தேன். திருவள்ளூரில் ஏறி ராயபுரத்தில் இறங்கினோம். 1856-ல் அந்த வண்டி திரும்பி வந்த அதே வழியில் வருகிறோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் சேர்ந்தும் விரல் எட்டவில்லை, மூன்று பேர் தேவைப்பட்டது. அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இவ்வளவு செலவு செய்து புதுப்பித்திருக்கிறார்கள், இனிமேல் இந்த நிலையத்துக்கு ஏதாவது வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

வெளியூர் வண்டிகள் கிளம்பி வந்து சேரும் முனையமாக ராயபுரத்தை ஆக்கும் பேச்சு அதற்கப்புறம்தான் என் காதில் விழுந்தது. சென்ட்ரல், எழும்பூரில் இடமில்லை. தாம்பரம் மூன்றாவது முனையம் ஆயிற்று. நான்காவது முனையம் ராயபுரம் என்று பேசினார்கள். நிலையத்தைச் சுற்றி 72 ஏக்கர் இருக்கிறது என்று பத்திரிகைகளில் வந்தது. தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் அதைச் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகு துறைமுகச் சரக்குக்கு அந்த இடம் தேவை, கட்டடம் பாரம்பரியச் சின்னம், வெளியே சாலை குறுகல் என்ற காரணங்கள் வந்தன. இப்போது நான்காவது முனையம் என்றால் பெரம்பூர் என்கிறார்கள்.

பெரம்பூர் வரட்டும். பெரம்பூரும் வடசென்னைதான், அங்கே இருப்பவர்களும் எங்கள் மக்கள்தான். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. என்னை உறுத்துவது வேறு. இத்தனை வருடப் பேச்சில் இரண்டே இரண்டு வழிகள்தான் பேசப்பட்டன. ஒன்று, பத்துப் பன்னிரண்டு பிளாட்பாரம், பெட்டிகளை அடியிலிருந்து சோதிக்கும் பிட் லைன், வண்டிகளை நிறுத்தி வைக்கும் பாதைகள் என்று சென்ட்ரலைப் போல் இன்னொன்று கட்டுவது. அது முடியாதென்றால், கட்டடத்துக்கு வண்ணம் பூசிப் பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைத்து அப்படியே விடுவது. முதலாவது வேண்டும் என்பவர்களுக்குக் கட்டடம் இடைஞ்சல். இரண்டாவது போதும் என்பவர்களுக்குப் பயணிகள் இடைஞ்சல். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டேன், இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டடம் நிற்கிறது என்பதற்காக ரயில் நிலையம் பிழைத்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? எங்கள் பகுதியிலேயே பாருங்கள். படகோட்டிகள் காசு சேர்த்துக் கட்டிய புனித பீட்டர் ஆலயம் இருக்கிறது. ராயப்பர் பெயரால்தான் ராயபுரம் என்றே பெயர் வந்தது. மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிகளின் அக்னி ஆலயம் 1910-லிருந்து இருக்கிறது. இரண்டும் இன்றும் நல்லபடியாக இருக்கின்றன என்றால், அங்கே இன்றும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், தீ வளர்க்கிறார்கள், அதனால்தான். ரயில் நிலையத்துக்கும் அதேதான். அங்கே பயணி வர வேண்டும்.

நான் கேட்பது ரொம்பச் சின்னது. முனையம் கேட்கவில்லை. ராயபுரத்திலிருந்து ஒரு ரயில் புறப்படட்டும். காலையில் ஒரு பாசஞ்சர் அல்லது மெமு (தனி இன்ஜின் இல்லாத மின்சார ரயில்), ராயபுரத்தில் கிளம்பி வாலாஜா ரோடு வரை. முடிந்தால் காட்பாடி வரை. சாயங்காலம் அதே வண்டி திரும்பட்டும். 1856-ல் ஓடிய அதே வழித்தடம். புதுப் பாதை போட வேண்டியதில்லை, நிலம் எடுக்க வேண்டியதில்லை, கட்டடத்தில் ஒரு செங்கலைக் கூடத் தொட வேண்டியதில்லை. மெமு வண்டிக்கு இரண்டு பக்கமும் டிரைவர் அறை இருப்பதால் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையும் கிடையாது. வந்த பிளாட்பாரத்திலிருந்தே திரும்பிப் போகலாம். கூடவே, இந்த வழியாகப் போகிற விரைவு வண்டிகளில் ஒன்றிரண்டுக்காவது இரண்டு நிமிடம் நிறுத்தம் கொடுக்கட்டும்.

யார் ஏறுவார்கள் என்று கேட்பார்கள். 2024-ல் கடற்கரையிலிருந்து சாயங்காலம் வேலூர் போகும் வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். ஐம்பது ரூபாய் டிக்கெட். எங்கள் தெருவில் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களில் பாதிப் பேர் பேருந்தை விட்டுவிட்டு அந்த வண்டிக்கு மாறினார்கள். கடற்கரை எங்களுக்கு அடுத்த நிலையம். அங்கே ஏற ஆள் இருக்கும்போது இங்கே மட்டும் எப்படி இல்லாமல் போகும்? ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கம் எத்தனை லட்சம் பேர் இருக்கிறோம்! விடியற்காலை ஐந்து மணி வண்டிக்கு சென்ட்ரல் போக வேண்டுமென்றால், மூன்றரை மணிக்கு ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சுற்றிப் போக வேண்டும். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அந்த மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். டெல்லி போன அன்றைக்கு வண்டி இரவுதான். இருந்தும் என் மகள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே எங்களைக் கிளப்பிவிட்டாள். ராயபுரம் பாலத்தின் மேல் ஆட்டோ நகராமல் நின்றபோது கீழே நிலையத்தின் விளக்குகள் தெரிந்தன. பேரன் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். டெல்லியில் அவன் கேட்ட கேள்விக்கு அங்கேதான் விதை விழுந்திருக்க வேண்டும்.

திரும்பி வருகிற பக்கத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனைக்கு அரக்கோணம், திருத்தணி, திருவள்ளூர் பக்கமிருந்து தினமும் எவ்வளவு பேர் வருகிறார்கள்! ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. என் பழைய மாணவி ஒருத்தி திருவாலங்காட்டுப் பக்கம் கல்யாணமாகிப் போனவள். எட்டாம் மாதத்தில் அங்கே செக்கப்புக்கு வரும்போது சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு வந்ததாகச் சொன்னாள். "மிஸ், வண்டி நேரா இங்கேயே வந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்றாள். ராயபுரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். என்னோடு தூணைக் கட்டிப்பிடித்த நாற்பது பேரில் அவளும் ஒருத்தி. இங்கே வரும் வண்டிக்காகக் காத்திருந்தால் டாக்டர் பார்க்கும் நேரம் போய்விடும் என்பதால்தான் சென்ட்ரல் வழியாக வந்திருக்கிறாள்.

சாலை குறுகல் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. இருபது எக்ஸ்பிரஸ் கிளம்பினால் அந்தச் சாலை தாங்காது. ஒரு மெமுவுக்கு வருகிறவர்கள் நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் வருவார்கள். 1949-ல் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கியபோது கொட்டும் மழையில் அவ்வளவு கூட்டத்தைத் தாங்கிய ஊர் இது, ஒரு பாசஞ்சர் வண்டிக் கூட்டத்தைத் தாங்கமாட்டோமா? சரக்கு ரயிலுக்கும் இடைஞ்சல் வராதபடி நேரம் ஒதுக்குவது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியாத வேலையா என்ன? துறைமுகச் சரக்கால் சோறு சாப்பிட்டு வளர்ந்தவள் நான், சரக்கை நிறுத்தச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழைய கட்டடத்தில் ஒரே ஒரு அறையையாவது மக்களுக்குத் திறந்துவிடட்டும். பெரிய அருங்காட்சியகம் வேண்டாம். பெரம்பூர் பக்கத்தில் ஐ.சி.எஃப்.-இல் ரயில் அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே ஒரு வரைபடம், 1856-ல் நின்ற ஊர்களின் பெயர்கள், பழைய படங்கள் சில, தமிழில் பத்து வரி விளக்கம். வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கட்டும். திருவள்ளூர்ப் பிள்ளைகளுக்காவது பரீட்சையில் பம்பாய்க்குப் பக்கத்தில் தங்கள் ஊர்ப் பெயரையும் எழுதத் தெரியும்.

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். மாலை நாலு மணி இருக்கும். ஒரு மணி நேரத்தில் எங்களைத் தவிர வந்தவர்களை அவன் எண்ணினான், பதினொரு பேர். ஒரு விரைவு வண்டி நிற்காமல் போனது. அதன் இன்ஜினில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்க எழுந்து ஓடினான். வேகத்தில் படிக்க முடியவில்லை. திரும்பும்போது தூணருகில் நின்றான். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். என் கை இப்போது முன்போல் நீள்வதில்லை. அவன் கையும் இன்னும் வளரவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மனுவை வாங்கிக்கொண்டு பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் தகவல் இல்லை. இந்த முறை வீடு வீடாகப் போய் 214 கையெழுத்து வாங்கியிருக்கிறேன். மீன் மார்க்கெட்டில், தேவாலய வாசலில், மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் என்று போகிற இடமெல்லாம் கேட்டேன். ஒருவர் கூட எதற்கு என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வண்டி என்றுதான் கேட்டார்கள். காலை ஏழுக்குள் கிளம்ப வேண்டும் என்பது பெரும்பாலானவர்கள் சொன்னது. மீன்காரப் பெண்கள் ஆறு மணி என்கிறார்கள், அதற்கு மேல் போனால் அரக்கோணத்தில் வியாபாரம் நடக்காதாம். நேரத்தை ரயில்வே இந்த மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தால் நல்லது. வெண்டர் பெட்டி கட்டாயம் வேண்டும் என்பதைத் தனியாக எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன்.

மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் முதலில் இருப்பது கைநாட்டு. எனக்குப் பால்சுறா கொடுத்த அந்த அம்மாவுடையது. இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, வியாபாரத்தை மருமகளிடம் விட்டுவிட்டார். மையை விரலில் தடவும்போது, "இன்னா டீச்சரம்மா, இவ்ளோ லேட்டா வந்துக்கீற?" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ராயபுரம், சென்னை – 600 013